அளவுப் பாதுகாப்பு உயர்நிலைக் குழு

அந்தத் தையல் நிறுவனத்தில் அறுநூறு வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் குடியிருந்தன. ஒன்பது வருஷமாக அவற்றைத் தட்டித் தட்டி ஏற்றியவர் கம்ப்யூட்டர் அக்கா. ஒருநாள் காலையில் அந்தக் கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட்டது. அக்கா மேனேஜரிடம் ஓடினார்.

"சார், ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி போட்டுடட்டுமா? அரை மணி நேர வேலைதான்."

மேனேஜர் பதறிப்போனார். "இஷ்டத்துக்கு எடுக்கறதா? எந்த முறையில எடுக்கறதுன்னு தீர்மானிக்க வேண்டாமாம்மா? அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது!"

ஆகவே, 'அளவுப் பாதுகாப்பு முறைத் தேர்வு உயர்நிலைக் குழு' உதயமாயிற்று. ஏழு வாரம் கூடிக் கூடிக் கலைந்தது.

"எதிர்க்கடைக்காரங்க எதில வச்சிருக்காங்க?"

"க்ளவுட்ல சார்."

"அப்போ நமக்கு அதைவிடப் பெரிசா ஏதாவது வேணும்."

எதையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வெளியிடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு நிபுணர் வந்து சொன்னார். குழு சொக்கிப்போனது. அன்றைய கூட்டக் குறிப்பை உடனே மூன்று பிரதி எடுத்து, ஒன்றை மேனேஜர் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டியது.

"அளவுகளை சார்?"

"அது அடுத்த கூட்டத்துலம்மா."

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. ஒன்பது வருஷ உழைப்பு! அக்கா அழுதேவிட்டார்.

"கூட்டக் குறிப்பு மூணும் பத்திரமா இருக்கு பாத்தியா!" என்று மேனேஜர் பூரித்தார். "சரி, எல்லாருக்கும் போன் போட்டு அளவு கேளு. பத்து நாள்ல முடியலைன்னா நீ வேற இடம் பாத்துக்கோ."

ஒன்பதே நாளில் முடிந்தது. யாரும் யோசிக்கக்கூட இல்லை. "அதே முப்பத்திரண்டுதாம்மா. நான் அப்படியேதான் இருக்கேன்" என்று அடித்துச் சொன்னார்கள். 'மீட்பு நூறு சதவீதம்' என்று அறிக்கை போனது.

அடுத்த மாதம் தைத்துக் கொடுத்த உடுப்பில் ஒன்றுக்காவது பட்டன் சேர வேண்டுமே! சண்டைக்கு வந்த அத்தனை பேரும் வயிற்றை எக்கிக்கொண்டு கத்தினார்கள்: "உங்க கம்ப்யூட்டர் சரியில்ல!"

அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு மேனேஜர் முன் போய் நின்றார். "எல்லாரையும் திரும்ப அளந்துடலாம் சார். முதல்ல உங்களை அளக்கட்டுமா?"

மேனேஜர் டேப்பைப் பார்த்தார். கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். "வேண்டாம்மா. கம்ப்யூட்டர் கோளாறுன்னே எழுதிடு."

அக்கா அப்படியே எழுதினார். ஊழியர் சீருடைப் பட்டியலில் தன் இடுப்பு இருபத்தெட்டு என்று டேப்பே வைக்காமல் போட்டுக்கொண்டது அவரேதான்.