இஸ்தரிஹ் என்றால் உட்கார் என்று அர்த்தமா?

அன்பும், இப்போது கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய ருவைதா அக்காவுக்கு,

தங்கை ஷுரூக் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நம் ஊர் கரக்கில் அம்மாவும் ஆடுகளும் ஆலிவ் மரங்களும் நலம். அப்பா நலமா என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பயிற்சி முடித்துச் சீருடையோடு நீ வந்த அந்த மத்தியானமே கண்ணுக்குள் நிற்கிறது. "பட்டாளத்துல பொண்ணுக்கு என்ன வேலை?" என்று நீ சேர்ந்த நாள்முதல் உன்னோடு பேசாத அப்பா, உன்னை வாசலில் கண்டதும் எழுந்து, "இஸ்தரிஹ்" என்றார். விருந்தாளியை உட்காரச் சொல்லும் சொல். பெண்ணிடம் 'இஸ்தரிஹி' என்பதே அரபி இலக்கணம். பேசியதே பெரிது என்று பிழையை விட்டுவிட்டேன். ஆனால் 'இயல்பாக நில்' என்ற அணிவகுப்புக் கட்டளையும் அதே சொல்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. நீ காலை அகட்டி, கையை முதுகில் கட்டி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டாய். நீ உட்காரட்டும் என்று அப்பா காத்திருந்தார், அடுத்த கட்டளைக்கு நீ காத்திருந்தாய், மன்சஃப் கறிச்சோற்றுத் தாம்பாளத்தோடு அம்மா இருவருக்கும் காத்திருந்தாள். "உட்காருடி கண்ணு, கறி கல்லாப் போகுது" என்று அவள் கெஞ்சியும் நீ அசையவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போன அப்பா, நீ பஸ் ஏறும்வரை வரவில்லை. "இனி என்னை மகளாவே நினைக்க மாட்டாருடி" என்று அழுதாய்.

அப்பா பட்டாளத்தில் போட்ட பழைய பூட்ஸில் துணி திணித்துக்கொண்டு, மொட்டைமாடியில் காயும் துணிகளுக்கு நடுவே சின்ன வயதில் நீ அணிவகுப்பு நடை பழகுவாயே. நான் 'இடப்பக்கம் திரும்பு' என்றால் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொள்வாய். அப்போது வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று அகராதியோடு கொட்டிலுக்குப் போய், "அப்பா, இந்தச் சொல்லுக்கு ரெண்டு பொருள்" என்றேன். "வாத்தியாரம்மா, புல்லைப் போட்டுட்டுப் பாடம் நடத்துங்க" என்றார். எனவே பெருநாள்வரை நீ வராமலிருப்பதே நல்லது.

அல்லாஹ் உன்னையும் உன் முழங்கால்களையும் காப்பானாக.

உன் தங்கை,
ஷுரூக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அப்பா கேட்டதால் படித்துக் காட்டினேன். "இலக்கணம் எனக்கும் தெரியும். பொண்ணுக்கு இஸ்தரிஹி, சிப்பாய்க்கு இஸ்தரிஹ். நான் சிப்பாய்கிட்டதான் சொன்னேன்" என்றார்.

"அப்போ ஏன் எழுந்து போனீங்க?"

"அவ நின்ன நிப்பைப் பார்த்தேல்ல? கட்டளை போட்டவன் சிப்பாய் முன்னாடி அழலாமா?"

கலைந்து போகச் சொல்லும் கட்டளை இன்னும் பாக்கியாம். வெள்ளிக்கிழமை வந்து அதை வாங்கிக்கொண்டு, பிறகு நீ உட்காரலாமாம்.