செவிலிமேட்டில் தொக்கம் எடுத்த கதை

'ஊசி இல்லை. மாத்திரை இல்லை. வயிற்றில் சிக்கிய தொக்கம் எடுக்கப்படும்' என்றது செவிலிமேட்டுப் பலகை. யோசிப்பவருக்கு அனுமதி இல்லை என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். வைத்தியர் ராஜவேலுவின் வாசலில் கூட்டமான கூட்டம். பசிக்காதவன், பரீட்சையில் தோற்றவன், மாமியாரைப் பிடிக்காதவள் என எல்லார் வயிற்றிலும் எப்போதோ தின்றது சிக்கியிருந்ததாம்!

தறி நெய்யும் புவனேஸ்வரிக்கு மகள் ஜெயப்ரியாவைப் பற்றித்தான் கவலை. பதினொன்றாவது படிக்கும் பெண் துரும்பாய் இளைத்துவிட்டாள். முடி கொத்தாய் உதிர்ந்தது, மாதவிலக்கும் நின்றுபோனது. அப்படியும் கண்ணாடி முன் நின்று, "குண்டாயிட்டேம்மா" என்று அழுதாள்.

"டாக்டர்கிட்ட இட்டும்போ அண்ணி" என்றாள் நாத்தனார் இந்திராணி. கேட்டால்தானே! சிக்கிய இழையை எடுத்துவிட்டால் தறி ஓடுகிறது, பிள்ளை மட்டும் ஓடாதா என்பது புவனேஸ்வரியின் கணக்கு. சண்டை போட்டுக்கொண்டே இந்திராணியும் கூட வந்தாள்.

ராஜவேலு திரைக்குப் பின்னால் போய் மந்திரம் ஜெபித்துவிட்டு வந்தார். வந்தபின் வாயே திறக்கவில்லை. மௌனவிரதமாம். மூங்கில் குழலைப் பெண்ணின் வயிற்றில் வைத்து 'உர்ர்' என்று உறிஞ்சி, தட்டில் துப்பினார்.

இட்லித் துண்டு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"காலைல துன்ன இட்லிமா. சிக்கிக்கினு இருந்திச்சி" என்றார் வைத்தியர்.

ஜெயப்ரியா களுக்கென்று சிரித்துவிட்டாள். "நான் இட்லி துன்னே மாசக்கணக்காவுது!"

"தட்டு நெறைய வெச்சேனேடி?" என்றாள் புவனேஸ்வரி.

"தறிக்குழியில போட்டுட்டேம்மா. நம்ம பூனை ஏன் இப்பிடி ஊதிப்போச்சின்னு நெனச்சே?"

"அப்போ இது பழைய இட்லி!" என்றார் ராஜவேலு.

இந்திராணி சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "வாயக் கொப்புளிச்சிட்டு இன்னொரு தபா எடுங்க சாமி, பாக்கலாம்."

திரைப்பக்கம் நழுவப் பார்த்தவரைக் கூட்டம் விடவில்லை. கொப்புளித்தார். உறிஞ்சினார். உர்ர், உர்ர்... காற்றுதான் வந்தது. இந்திராணி திரையை விலக்கினாள். உள்ளே இட்லித் துண்டு, முடிச்சுருள், கோழி எலும்பு எல்லாம் வரிசையாய்த் தயார். சட்னி ஒன்றுதான் பாக்கி.

புவனேஸ்வரி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. "ஏன்டி கண்ணு சாப்புடல?" என்றாள்.

"பயமா இருக்குதும்மா. ஒரு வாய் துன்னாலும் குண்டாயிடுவேன்னு." சிரித்த பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "இது பிடிவாதம் இல்லம்மா, நோய். மனசுக்கும் உடம்புக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும். நாளாகும், ஆனா குணமாகும்" என்றார் டாக்டர்.

பெண் ஏன் இளைத்தாள் என்று மூங்கில் குழலைக்கூடக் கேட்டார்கள், அவளைக் கேட்டது கடைசியில்தான். பிள்ளையைக் கேட்க வரிசையில் நிற்க வேண்டாம், கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். அதனால்தான் நம் ஜனங்களுக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை போலும்!