எரியுதா சார்?

கடை அலமாரியைத் திறந்த விற்பனையாளர் திடுக்கிட்டார். நேற்று, மலையை அளக்கப் போகும் சர்வேயருக்கு விற்ற புதுக் கருவி, பெட்டிகூடப் பிரிக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் அவர் மலைக்குக் கொண்டுபோனது, பழுதென்று திரும்பி வந்த கருவி!

கருவி ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. டார்ச் மாதிரி இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் பேட்டரி ஏறும். தண்ணீருக்குள் விட்டால் ஊதா விளக்கு எரிந்து கிருமியைக் கொல்லும். கரண்டே வேண்டாம். ஆனால் எரிந்தால்தானே கொல்லும்?

"அங்க ஓடைத் தண்ணியை விட்டா வேற கதியில்ல. கூட்டமா போயிருக்காங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் கம்பிதான் எண்ணணும்!"

"புலம்பினா ஆச்சா? போனைப் போடுங்க" என்றாள், கடையைச் சேர்ந்து நடத்தும் மனைவி.

போட்டார்.

"சார், கருவி குடுத்தவன் பேசறேன். எரியுதா சார்?"

கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவே சர்வேயர் கத்தினார். "எரியுதுய்யா! நீ குடுத்தது... நல்லாவே எரியுது!"

போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! அணைச்சிடாதீங்க சார். முழுசா எரியட்டும்."

"அணைக்க வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். நேராப் பாக்காதீங்க, கண்ணுக்கு ஆகாது. அவ்வளவுதான்."

இணைப்பு அறுந்தது. மனைவி யோசனையாகக் கேட்டாள்:

"எரியுதுன்னாரே, எதுன்னு கேட்டீங்களா? விளக்கா, வயிறா?"

"வாயைக் கழுவு!" என்றாரே தவிர, அவருக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மறுபடி போட்டார்.

"சார், இன்னும் எரியுதா?"

"பரவுதுய்யா! கீழேருந்து மேல வரைக்கும்!"

மேலே என்றால் நெஞ்சு. சந்தேகமே இல்லை, தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது.

"ஐயோ! எல்லாரும் அப்படியே படுத்துக்குங்க சார். யாரும் அசையாதீங்க. அந்தத் தண்ணிய மட்டும் ஒரு சொட்டுகூடத் தொடாதீங்க!"

"தண்ணியத் தொடக் கூடாதா?" சர்வேயருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தத் தொழில்லயே இருக்கிறவன் சொல்றேன், நம்புங்க!"

அதற்குப் பிறகு மலையில் யாரும் போனை எடுக்கவில்லை. மனைவி ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பக்கத்துத் தெரு டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, முதலில் விற்பனையாளரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். விற்பனையாளரோ போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. தான் ஒரு மலையையே கொன்றுவிட்டதாக நினைத்து வியர்த்துக் கொட்டினார்.

கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, முகாம் சமையல்காரன் பேசறேன்."

"ஏம்ப்பா, சர்வேயர் உயிரோட இருக்காரா? வயிறு எப்படி இருக்கு?"

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், நீங்க அணைக்கவும் கூடாது, தண்ணியத் தொடவும் கூடாதுன்னுட்டீங்களா, ஓடைக்கரையில வரிசையா படுத்துக்கிட்டு, உங்க கருவியால பத்திக்கிட்ட கூடாரம் எரியறதை நேராப் பாக்காம பாத்துக்கிட்டிருக்கோம்!"