உருபு வேட்டைக்காரர்

ஆக்லாந்துத் தமிழர்களில் மார்ட்கேஜ் பற்றிப் பேசாத ஓர் அபூர்வ இனம் உண்டு. அதுதான் உருபு வேட்டைக்காரர். பிறர் தபால்தலை சேர்ப்பதுபோல இவர் வேற்றுமை உருபு சேர்ப்பார். பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐ, கு, இல் போன்ற துண்டுகள்தான் இவருக்கு இரை. துருக்கியிலிருந்து ஒன்று, கசாக்கிலிருந்து ஒன்று, சகலின் தீவில் மிகச் சிலரே பேசும் நிவ்க் மொழியிலிருந்து ஒன்று என்று பிடித்துவந்து, நீல நோட்டில் தமிழுக்குப் பக்கத்தில் எழுதி, "பாத்தியளே, சொந்தக்காரர்!" என்பார். எந்தச் சொந்தக்காரருக்கும் இவர் போன் செய்து நான் பார்த்ததில்லை.

பிளாட் புஷ்ஷில் எனக்கு அறை வாடகைக்குத் தந்திருக்கும் சற்குணம் அங்கிள் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஒரு வருடம் மத்திய ஆசியாவில் சுற்றி, எலும்பும் தோலுமாகத் திரும்பிய என்னிடம் ராசமணி அன்ரி, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றார். அங்கிள் கேட்டது வேறு.

"கசாக்கிலை வேற்றுமை எத்தனை?"

"ஏழு, அங்கிள்."

"எங்களுக்கு எட்டு!" ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்த முகம். "நிவ்க்குக்கு எத்தனை தெரியுமோ? இரு, பிறகு சொல்லுறன்."

போன செவ்வாய் காலை எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு அய்குல் ஓடிவந்தாள். கசாக்குப் பெண். ஒன்பது மணிக்கு ஒனிஹங்காவில் வேலைக்கான நேர்காணல்; அது கிடைக்காவிட்டால் விசா முடிந்து ஊர் திரும்ப வேண்டும். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இதையெல்லாம் வாசலில் நின்று, மூச்சிரைக்க, தெளிவான ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அங்கிள் முகம் மலர்ந்தது.

"உங்கடை மொழியிலை 'வீட்டிலிருந்து' எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"உய்தென்... ப்ளீஸ், எனக்கு நேரமில்லை!"

நோட்டு திறந்தது. மூடியைக் கழற்றிய பேனா எழுதத் தொடங்கியது. வீட்டிலிருந்து கிளம்ப முடியாதவளிடம் 'வீட்டிலிருந்து' வாங்கிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை திருத்தினேன்.

சமையலறையிலிருந்து அன்ரி வந்தார். "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை என்ன கேக்குது எண்டு விளங்குதே உங்களுக்கு?"

"ஓமோம். நீங்கல் பொருள். ஐந்தாம் வேற்றுமை!"

"ஐந்தாமும் மண்ணும்! கார்த் திறப்பைத் தாங்கோ!"

மாவு ஒட்டிய கையோடு அன்ரியே ஓட்டிப் போனார். பத்து நிமிடம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார்களாம். அங்கிள் வாசலிலேயே நின்று, "நல்ல பிள்ளை, நாளைக்கு நாலாம் வேற்றுமை கேக்கவேணும்" என்றார்.

நாளைக்கு அவள் இங்கே இருப்பாளா என்பதே அன்று தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அய்குலுக்கு வேலை கிடைத்ததா என்பதா இப்போது உங்கள் மனதில் ஓடுகிறது? அல்லது, நிவ்க்குக்கு எத்தனை என்று அங்கிள் கடைசிவரை சொல்லவே இல்லையே என்பதா?

கிடைத்தது. இரண்டாவதுதான் ஓடியது என்றால், நீங்களும் ஒரு நீல நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.