புஸ்வாணத்தின் கன அளவு

"எனக்குக் கணக்கு வராதும்மா. நாளையிலருந்து நானும் உன்கூடக் கம்பெனிக்கு வாரேன்."

ரோஷினி தன் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அம்மா வள்ளித்தாயின் கையிலிருந்து கரண்டி நழுவியது.

"ஏத்தா, என்ன பேச்சு இது?"

"நீதானே சொல்லுவ, நம்ம வம்சத்துக்கே கணக்கு ஏறாதுன்னு."

வள்ளித்தாய் அப்படிச் சொன்னது உண்மைதான். பத்தாவதில் கணக்கில் தோற்றவள், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாத்தூர் ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கப் போய்விட்டாள். தன் வாயால் சொன்னபோது சுகமாயிருந்த அதே சொல், மகள் வாயால் வந்தபோது கசந்தது.

"அது என் வம்சம். நீ உங்கப்பா வம்சம்!"

ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த சங்கிலிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். வள்ளித்தாயே தொடர்ந்தாள்.

"உங்க கணக்கு வாத்தியாரு பாலகுரு சாரை பஸ் ஸ்டாப்புல பாத்தேன். ரோஷினிக்குக் கணக்கு மூளை, உக்காந்து படிச்சா நூறு வாங்குவான்னு சொன்னாரு."

பாலகுரு சார் கறுப்பா சிவப்பா என்றுகூட வள்ளித்தாய்க்குத் தெரியாது.

"நெசமாவா?" புத்தகம் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. "அப்ப இந்தக் கூம்போட கன அளவை எனக்கு விளங்க வையி."

"அது... நாளைக்குச் சாயங்காலம் சொல்லுதேன்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் பெத்தணனிடம் கேட்டாள்.

"புஸ்வாணம் கூம்புதானேண்ணே? அதுக்குள்ள எம்புட்டுக் கொள்ளும்?"

"விலையைக் கேளு, சொல்லுதேன். அளவையெல்லாம் யாரு கண்டா?"

வள்ளித்தாய் விடவில்லை. தன் வட்டச் சோற்று டப்பாவின் வாய்க்கும் உயரத்துக்கும் சரியாக ஓர் அட்டையைக் கூம்பாகச் சுருட்டினாள். தட்டில் கொட்டிய சோற்றை அதில் நிரப்பி நிரப்பிக் காலி டப்பாவில் போட்டாள். மூன்றாவது கூம்பில் டப்பா நிரம்பியது.

"மூணு! டப்பாவுல மூணுல ஒரு பங்குதான் கூம்பு!"

சுற்றி நின்ற பெண்கள் போட்ட கூச்சலில், பட்டாசுக் கம்பெனி அல்லவா, தீப்பிடித்துவிட்டதென்று பெத்தணன் மதில் ஏறிக் குதித்துவிட்டார். முதலாளி செருப்பில்லாமல் ரோட்டில் நின்றார்.

கம்பெனியில் திட்டு வாங்கினாலும், வீட்டில் கூம்பை விளங்க வைத்து வள்ளித்தாய் ஜெயித்தாள். அதுதான் வினையானது.

"எம்மா, நீ சொன்னா நல்லாப் புரியுது. தெருப் பிள்ளைகளும் வரட்டுமா?"

வாசல் நிறைந்துவிட்டது. முழித்து மாட்டிக்கொள்ளாமலிருக்க, விடியுமுன் எழுந்து அன்றன்றைய பாடத்தை அவள் முதலில் படிக்க வேண்டியிருந்தது. ரசம் வைக்கும் வேலை சங்கிலிமுத்து தலையில் விழுந்தது. அவன் வைத்ததைத் தெரு நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது. வள்ளித்தாய் கவனிக்கவில்லை. இருபடிச் சமன்பாடு ஒன்று தானாக விடை தந்த காலையில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

அப்போதுதான் ரோஷினி குண்டைப் போட்டாள்.

"எம்மா, எனக்குக் கணக்கு மூளைன்னு சொன்னாருல்ல, நாளைக்கு சாருக்கு நன்றி சொல்லப் போறேன்."

மறுநாள் மகளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள் வள்ளித்தாய். பாலகுரு சார் யாரென்று விசாரித்து, அவர் முன்னால் மூச்சிரைக்க நின்றாள்.

"சார், நான் ரோஷினி அம்மா. கணக்கு வராத புள்ளைகிட்ட, அவளுக்குக் கணக்கு மூளைன்னு நீங்க சொன்னதாப் பொய் சொல்லிட்டேன். இப்ப நல்லாப் படிக்கா. காட்டிக் குடுத்துறாதீக."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. எங்க பள்ளிக்கூடத்துலயே கணக்குல முதல் மார்க் உங்க மகதான். 'எங்கம்மாவை மறுபடியும் கணக்குப் பரீட்சை எழுத வைக்கணும் சார், அதுவரைக்கும் வீட்டுல மட்டும் மக்கு மாதிரி இருந்துக்கிடுதேன்'னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சா."