மூன்று பேர் ஓட்டுகிற கார்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதினேன். உங்கள் மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அந்த ரெண்டாவது ஆள் யாரு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆகவே திருத்தம். இங்கு நான் நலம். அவள் என்னைக் கிண்டல் செய்கிற அளவுக்கு நலம். அங்கு நீங்களும் அத்தையும் என்னைத் திட்டுகிற அளவுக்காவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசி முடித்ததும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. நேற்று நீங்கள் சொன்னது: “ஞாயித்துக்கிழமை வர்றேன் மாப்பிள்ளை. என் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு மருந்து ஏத்த வக்கில்லாத ஊர்ல அவ எதுக்கு இருக்கணும்?” அதன் பிறகு உங்கள் பக்கத்தில் ஓசை இல்லை.

வர வேண்டாம் மாமா.

கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். முடக்குவாதத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு ஏற்ற வேண்டிய மருந்து, அவள் பெயர் ஒட்டிய பெட்டியில், இந்த மருத்துவமனையின் குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் ஊருக்கு வந்தால் புது டாக்டர், புதுப் பரிசோதனை, புது வரிசை. வாலில் போய் நிற்க வேண்டும். இங்கே தலையைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டோம்.

அப்படியானால் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இதோ பதில். முதலில் மருந்து வரவில்லை. பிறகு வந்தது, வழியில் குளிர் குறைந்துவிட்டதென்று வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வந்தது, அதற்குள் இரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது, அது ஒரு மாதம்தான் செல்லுமாம், சாம்பார்ப் பொடிகூட இதைவிட அதிக நாள் தாங்கும். புதிதாக எடுத்துக்கொண்டு ஓடினால் டாக்டர் விடுப்பு. டாக்டர் வந்த அன்று மருந்து ஏற்றும் அறையில் நான்கு நாற்காலிகளில் ஒன்று சாயமாட்டேன் என்றது, மூன்று நாற்காலிக்கு நான்கு பேர் என்றால் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுப்போல பாட்டு நின்றதும் யார் உட்காருகிறார்கள் என்பதுதானே கேள்வி, நாங்கள் உட்காரவில்லை. கடைசியில் நாற்காலி சரியாகி, மருந்து சரியாகி, இரத்தம் சரியாகி, டாக்டரும் ஊரில் இருந்த அந்த ஒரே வாரத்தில் உங்கள் மகளுக்குச் சளி பிடித்தது. சளியோடு ஏற்றக்கூடாதாம். அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு மளிகைக்கடைக்காரர் முதல் கியரில் தும்மினார். இரண்டாவது கியரில் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான்.

வீட்டில் எப்படிச் சமாளிக்கிறோம் என்று அத்தை கேட்டார்களாம். நன்றாகவே சமாளிக்கிறோம். அவள் விரல்களுக்கு மூடி திறக்க வராது என்பதால் வீட்டில் எந்த மூடியையும் நான் இறுக்கி மூடுவதில்லை. சும்மா மேலே வைத்துவிடுகிறேன். இதை நானே மறந்துவிட்டுச் சர்க்கரை டப்பாவை மூடியைப் பிடித்துத் தூக்கினேன். பிறகு மிளகாய்த்தூள். பிறகு, பாடம் கற்றுக்கொள்ளாதவனாக, எண்ணெய். உங்கள் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சடையும் நான்தான் பின்னுகிறேன். “யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுத்த மாதிரியே இருக்கு” என்கிறாள். ஆனால் அவிழ்ப்பதில்லை.

ஒரு காலையை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காரில் சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. கார் நன்றாகத்தான் இருந்தது. அவள் கைதான். இன்னொரு கையைச் சேர்த்துப் பிடித்தாள். அப்போதும் இல்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க” என்றாள். பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு சுவர். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, நீங்க திருப்புங்க. அதுக்கு மேல எதையும் தொடக்கூடாது” என்றாள்.

தொடவும் மாட்டேன். உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் வரும் வரைபடத்தில் தெருக்கள் சரியாக இருக்கின்றனவா என்று வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை எனக்கு. இந்த ஊரின் எல்லா ஒருவழிப் பாதைகளும் அத்துபடி. ஓட்டத் தெரியாது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவரின் மருமகன், ஓட்டுநர் பயிற்சி தருகிறவளின் கணவன், ஆனால் ஓட்டத் தெரியாது. பலமுறை கேட்டுப் பார்த்தேன். “கட்டுனவருக்கு மட்டும் கத்துக்கொடுக்க மாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணும்” என்கிறாள்.

பயிற்சியை நிறுத்திவிடச் சொன்னீர்கள். நிறுத்தவில்லை. நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்தச் சின்னக் காரில், கற்றுக்கொடுப்பவர் இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு அல்லவா. அவள் கால்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. மாணவர் தப்புச் செய்தால் காலால் நிறுத்திவிடுவாள். கைக்குத்தான் என்ன செய்வது? பின் இருக்கையில் நான். முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் தலையை நீட்டியபடி. “கை” என்பாள். நான் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். “இடது” என்பாள். திருப்புவேன். “போதும்” என்பாள். எடுத்துவிடுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு தெளிவான உத்தரவுகள் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே இப்போது ஒரு காரை மூன்று பேர் ஓட்டுகிறோம். மாணவர்கள் பழகிவிட்டார்கள். சற்று அதிகமாகவே பழகிவிட்டார்கள். ஒருவர் உரிமத் தேர்வுக்குப் போன இடத்தில், பின்னால் யாரும் உட்காரவில்லையே என்று அதிகாரியிடம் கேட்டாராம். தேறவில்லை.

இனி அடுத்த வாரம் பற்றி.

அடுத்த வாரம் என்பது ஒரு பெண்மணி. மருத்துவமனையில் மருந்து ஏற்றத் தேதி கொடுக்கிற மேசையில் இருப்பவர். எப்போது கேட்டாலும் “அடுத்த வாரம் பாருங்க” என்பார் என்பதால் நாங்கள் வைத்த பெயர். ஒருநாள் உங்கள் மகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயர் போட்ட சட்டையோடு போய் நின்றாள். அவர் சட்டையைப் படித்தார். நிமிர்ந்தார். தனக்கு வெகுநாள் ஆசை என்றார். மதிய இடைவேளையில் வரலாமா என்றார். காரில் ஏற்றிவிட்டால் வரிசையிலும் ஏற்றிவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். உங்கள் மகள் போடவில்லை. முதல் நாள் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டே அவர் சொல்லிவிட்டார்: “காருக்குள்ள நீங்க டீச்சர். கவுண்டர்ல நீங்க பேஷன்ட். ரெண்டையும் கலக்காதீங்க டீச்சர், எனக்குத் தூக்கம் வராது.”

நல்ல மனுஷி. ஆனால் அவர் ஓட்டும் வேகத்தில் இடைவேளை முடிந்துவிடும், தெரு முடியாது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் எங்களைக் கடந்து போய், யோசித்து, திரும்பி வந்து, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார்.

இப்படிச் சில வாரங்கள். நானோ பின் இருக்கையில் சும்மா இருக்காமல், காலியிடம் ஏதாவது வந்ததா என்று தெரிந்துகொள்ள மருத்துவமனைக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பேன். தினமும் மதியம். மணி அடிக்கும். எடுக்க மாட்டார்கள். ஒருநாள் பொறுமை போய், எங்கே போய்த் தொலைகிறார்கள், ஒரு போனை எடுக்க ஆள் இல்லையா, இதற்கெல்லாம் சம்பளம் வேறு என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அடுத்த வாரம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“எந்த நம்பருக்கு சார் பண்றீங்க?”

சொன்னேன்.

“அது என் மேசை போன் சார். நான் இங்கதானே இருக்கேன்.”

உங்கள் மகளுக்குச் சிரிப்பில் காலால் பிரேக்கைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. காரின் முன்பக்கம் நெளிந்திருப்பதாக உங்களுக்கு யாரோ சொன்னார்களாமே, அது அன்று. ஒரு குப்பைத் தொட்டி. யாருக்கும் காயமில்லை. தொட்டிக்கும் இல்லை.

அதன் பிறகுதான் அவர் மெல்லச் சொன்னார். யாராவது வராமல் போய் நாற்காலி காலியானால், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி உள்ளிருந்து அவர் மேசைக்குத்தான் போன் வருமாம். பெரும்பாலும் மதியம். எடுக்காவிட்டால் அன்றைக்கு அந்த நாற்காலி சும்மாவே கிடக்குமாம். ஆக, மாமா, எத்தனையோ பேர் தாமதத்துக்குக் காரணம் என்று மேலே எழுதினேன் அல்லவா. அந்தப் பட்டியலின் கடைசியில் நாங்களும் இருக்கிறோம். எங்கள் தேதியை நாங்களே காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறோம்.

இப்போது சரிசெய்துவிட்டோம். பாட நேரத்தில் மேசைக்கு வரும் அழைப்பெல்லாம் அவருடைய கைப்பேசிக்கு வந்துவிடும். இனி தேதி கிடைத்துவிடும். நிச்சயமாக.

கடைசியாக ஒன்று. நேற்று நீங்கள் வைத்த பிறகு, போகிறாயா என்று அவளிடமே கேட்டேன். ரொம்ப நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்தாள். “அப்பா என்னை நல்லாப் பார்த்துப்பார். ஆனா வண்டி பக்கத்துல விடமாட்டார். அங்க போனா நான் வெறும் நோயாளிங்க” என்றாள். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன். நீங்கள் கோபப்படுவதாக இருந்தால் என்னிடம் படுங்கள். பழக்கம்தானே.

அத்தைக்கு என் வணக்கம். அவர்கள் மூட்டு எண்ணெய் கொடுத்தனுப்ப வேண்டாம்; போன முறை வந்ததையும் மூடியைப் பிடித்துத்தான் தூக்கினேன். உங்கள் ஆசியை ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவராமல் தபாலில் அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் திட்டுக்குரிய,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து.

இதைத் தபாலில் போடுவதற்காகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இன்று மதியம் காரில் ஏறினேன். அங்காடித் தெருவில், நட்டநடுவில், அடுத்த வாரத்தின் கைப்பையில் மணி அடித்தது. ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்பது உங்கள் மகள் போட்ட சட்டம். அவர் எடுக்கவில்லை. உங்கள் மகள் பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்திவிட்டு, “எடுங்கக்கா” என்றாள். எடுத்தார். ம் என்றார். சரி என்றார். பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடிக்க, போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, மேசையில் பேசுகிற அதே குரலில் கேட்டார்:

“ஒரு நாற்காலி காலியா இருக்கு. வரிசைல அடுத்தது நீங்கதான். ஒரு மணி நேரத்துக்குள்ள வர முடியுமா?”

உங்கள் மகள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள்.

“நீங்க ஓட்டினா முடியாதுக்கா.”

அந்த அம்மாள் வண்டியைக் கிளப்பினார். ஒன்று, இரண்டு என்று போய் மூன்றாவது கியருக்கும் மாறினார். அந்தக் காரில் அப்படி ஒரு கியரை அவர் தொட்டது அதுவே முதல் தடவை. நான் கையை நீட்டினேன். “கை வேணாம்” என்றாள் உங்கள் மகள். தன் காலையும் பிரேக்கிலிருந்து எடுத்து மடக்கி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பாலம், ஒரு ரயில்வே கேட். ஒருவழிப் பாதைகளை நான் சொல்லச் சொல்ல, ஒருவர் மட்டுமே ஓட்டினார்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சொட்டு சொட்டாக. இவ்வளவு மெதுவாக நடக்கிற ஒரு காரியத்தை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பலன் தெரியக் கொஞ்ச நாள் ஆகுமாம். அவளுக்கு அவசரமில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு சிக்கல். அந்த அவசரத்தில் அடுத்த வாரம் காரைத் தலைமை மருத்துவரின் காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியில் எங்கள் வண்டி எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உங்கள் மகள் சிரிக்கிறாள். கையை ஆட்டாதீர்கள் என்று செவிலியர் அதட்டுகிறார். அடுத்த வாரமோ டீச்சர் பக்கத்தில் இல்லாமல் வண்டியைத் தொடுவது தப்பு என்று மேசைக்குப் போய்விட்டார். காவலாளி உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். ரெண்டு பிரேக் இருக்கிற வண்டி நமக்கு வேண்டாம் சார் என்று இறங்கிவிட்டார். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

எனவே இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்கள் கைப்பேசிக்கே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை தலைமை மருத்துவர் பொறுக்கமாட்டார். அடுத்த பேருந்திலேயே கிளம்பி வாருங்கள் மாமா. உங்கள் மகள் வரமாட்டாள். காரை எடுத்துக்கொண்டு போகலாம்.