மைக் பிடித்துச் சொன்ன சுயக்கட்டுப்பாடு

பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரே ஒரு பிள்ளை இருக்கும், அதையும் மனைவிதான் வளர்த்துக்கொண்டிருப்பாள். நான் அந்த ரகம். தெலுங்கு பேசும் கொண்டாப்பூரில் குடியேறிய புதிதில் இணையத்தில் நாலு கட்டுரை படித்துவிட்டு, பொறுமையும் யோசிக்கும் திறனும் குழந்தைக்கு வீட்டிலிருந்துதான் வருகின்றன என்று லிஃப்டில் மாட்டியவர்களுக்கெல்லாம் விளக்குவேன். (பாவம், சிலர் படியேறிப் போக ஆரம்பித்தார்கள்.)

தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தில் என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் என் மேனேஜர் ராவ். அவரும் அதே அபார்ட்மென்ட். என்னை டீம் லீட் ஆக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

நாலரை வயது மகள் நிலாவை மேடையில் உட்காரவைத்து, எதிரே ஒரு ஜாங்கிரியை வைத்தேன்.

"அப்பா பேசி முடிக்கிற வரைக்கும் தொடாம இருந்தா ரெண்டு தருவேன்."

அதட்டல் இல்லாத வீட்டில்தான் குழந்தை தன்னை அடக்கக் கற்கும் என்று முழங்கினேன். கேட்பவர்கள் யாரும் என் வீட்டுக்கு வந்ததில்லை என்ற தைரியம். நிலா அசையவே இல்லை. கூட்டம் கைதட்டியது. அதோடு இறங்கியிருக்கலாம். மைக் கிடைத்த முட்டாள் இறங்குவானா?

"ஏன்டா செல்லம் சாப்பிடல? எல்லாருக்கும் சொல்லு."

தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் குழந்தை அவள்.

"தின்டே டாடிகி கோபம் வஸ்துந்தி. மம்மி மீத கூடா அருஸ்தாரு." (தின்றால் அப்பாவுக்குக் கோபம் வரும், அம்மாவிடமும் கத்துவார்.)

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"நான் எப்ப கத்தினேன்? எப்படி கத்தினேன்? பொய் சொல்லுவியா இனிமே?"

மைக் என் வாயருகில் இருந்தது. ஸ்பீக்கர் கீச்சிட்டது, பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. நிலா அமைதியாகக் கூட்டத்தைப் பார்த்து, "சூசாரா?" என்றாள். பார்த்தீர்களா என்று சாட்சி கேட்கிறாள்.

என் மனைவி சுதா மேடையேறி மகளைத் தூக்கிக்கொண்டாள். "பேச்சு முடிஞ்சிருச்சுல்ல. சொன்னபடி ரெண்டு ஜாங்கிரி குடுங்க."

ராவ் கைகுலுக்கினார். "குட் டாபிக் அண்டி. டீம் லீட் விஷயம் நெக்ஸ்ட் இயர் சூஸ்தாம்." அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

அதன்பிறகு அந்த அபார்ட்மென்டில் சாப்பிட அடம்பிடித்த பிள்ளைகளிடம், "கண்ட்ரோல் அங்கிள் வஸ்தாரு", அதாவது வந்துவிடுவார், என்று பயமுறுத்தினார்கள். உடனே வாய் திறந்தன. குழந்தை வளர்ப்புக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான். நிலா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் கைபேசியில் என் எண்ணுக்கு அந்தப் பெயர்தான் போட்டிருக்கிறாள்.